ரத வீதியில் பழைய கட்டடம்: இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நாலு ரத வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரியும் தெருக்களிலும் நூறு வயதைத் தொட்ட கட்டடங்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவைப் பார்த்து மூன்று, நான்கு கடைகள். நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு நடை. உள்ளே போனால் தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசலில் கிணறு. மேலே மச்சு, அதற்கும் மேலே தட்டட்டி, அதாவது மொட்டை மாடி. கட்டியவர் மண்டி வைத்திருந்திருப்பார், அல்லது ஜவுளி. இப்போது கடைகளில் ஃபேன்சி ஸ்டோரும் செல்போன் ரிப்பேரும். உள்வீட்டில் ஆள் இல்லை. பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆனித் தேருக்கு வந்து, மாடியில் நின்று தேர் பார்த்துவிட்டு, "இத என்ன செய்யலாம்?" என்று பேசிவிட்டுக் கலைகிறார்கள்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். "இடிச்சுப் போட்டு காம்ப்ளக்ஸ் கட்டினா மாசாமாசம் வாடகை வரும்லா சித்தப்பா" என்பான் இளையவன். "தாத்தா நின்னு கட்டின வீடுல, பேசாம இரு" என்பார் சித்தப்பா. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டலாம் என்று அத்தை மகன் போனில் ஒரு படம் காட்டுவார். "கவர்மெண்ட்ல குடுத்திருவோம், அவங்க பாத்துக்கிடுவாங்க" என்பார் இன்னொருவர். கடைசியில் பூட்டைப் போட்டுவிட்டு ரயிலேறுவார்கள். ஆக, வழிகள் ஐந்து. பூட்டிப் போடுவதையும் ஒரு முடிவாகக் கணக்கில் வைத்தால்தான் மற்ற நாலையும் ஒழுங்காக ஒப்பிட முடியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை தாங்கும், பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க முடியும் என்றால், பழுது பார்த்துப் புழக்கத்தில் வைப்பதுதான் டவுனுக்கு ஏற்ற வழி. பணக் கணக்கிலும் அது நினைப்பதைப்போல மோசமில்லை. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால், பூட்டி வைப்பதைவிட முறையாக அளந்து, படம் எடுத்து, இடிப்பதே மேல்.

கையில் இருப்பது என்ன

ஒப்பிடுவதற்கு முன்னால் கட்டடத்தைப் பற்றி மூன்று விஷயம் தெரிய வேண்டும்: வயது, கூரை, உரிமை.

வயதுக்கு எல்லோரும் மூலப்பத்திரத்தைத் தேடுவார்கள். அது மனையின் வயதைச் சொல்லும், கட்டடத்தின் வயதைச் சொல்லாது. திருநெல்வேலி நகராட்சி 1866-இல் வந்தது. வீட்டுவரிப் பதிவேட்டில் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் 1908 மார்ச் 13-ஆம் தேதி, வ.உ.சி. கைதானதை எதிர்த்து ஊர் கொதித்தெழுந்தபோது நகராட்சி அலுவலகமும் தீக்கு இரையானது. அதனால் அதற்கு முந்தைய பதிவேட்டை நம்பி அலைய வேண்டாம். கட்டடமே சாட்சி சொல்லும். சுவரில் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1949-இல். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாசல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கலவை, மேல்பூச்சு மட்டும் சிமெண்ட் என்றால், கட்டியது அநேகமாக அதற்கு முன்னால், பூசியது அதற்குப் பின்னால். உத்தரத்துக்குப் பதிலாக இரும்பு இருந்தால் அதன் இடுப்பில் வார்த்த எழுத்தைப் படியுங்கள். சீமை ஆலைகளின் பெயர் இருக்கும். பழைய தண்டவாளத்தையே உத்தரமாகப் போட்ட வீடுகளும் உண்டு. ரயில் இந்தப் பக்கம் வந்தது 1876-இல் என்பதால் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

கூரைதான் முக்கியம். இந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேலே சிறிய மெல்லிய செங்கலைச் சாய்வாக, விளிம்பில் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை எகிறித் துள்ளுகிற அளவுக்கு இறுகிய பிறகுதான் தட்டோடு பதிப்பது. உடன்குடிப் பக்கம் காய்ச்சிய கருப்பட்டி காபிக்கு மட்டும் போகவில்லை, பாதி டவுனின் தலைக்கு மேலேயும் இருக்கிறது.

இந்தக் கூரை வெயிலுக்கு அசையாது. தண்ணீருக்குத்தான் தோற்கும். தூம்பு அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் தட்டட்டியில் நின்றால், அது மெல்ல இறங்கி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனையில் போய்ச் சேரும். வெளியே தெரிகிற மரம் கருங்காலி மாதிரி பளபளவென்று இருக்கும். சுவருக்குள் இருக்கிற முனை உளுத்திருக்கும். ஒரு பெரிய திருப்புளியை எடுத்து, சுவரை ஒட்டி மரத்தில் குத்திப் பாருங்கள். முட்டி நின்றால் சரி. சிரமமில்லாமல் ஒரு அங்குலம் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. டவுனில் ஒரு வீட்டில் இப்படிக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்த வயதான கொத்தனார் சொன்னார்: "அண்ணாச்சி, மரத்துல பழுதில்ல, முனைதான் போயிருக்கு. வெட்டி ஒட்டுப் போட்டா இன்னும் ஒரு தலைமுறை நிக்கும். முழுசா இடிக்கச் சொன்னவன் ஏணி போட்டு ஏறிப் பாத்தானா?" பார்க்கவில்லை. பெரும்பாலானவர்கள் கீழே நின்று பெயர்ந்த பூச்சைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

சுவர் விரிசலுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகும் கண்ணாடி முழுசாக இருந்தால், அது என்றோ நகர்ந்து நின்றுபோன விரிசல். உடைந்திருந்தால் அஸ்திவாரத்தில் இன்னும் அசைவு இருக்கிறது; அப்போது பொறியாளர் இல்லாமல் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

மூன்றாவது உரிமை. கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். கோயில் ஊர்களில் இது சகஜம். அடிமனை கோயிலுடையது என்றால் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அப்படிப்பட்ட மனையில் கடன் வாங்கி நாலு மாடி எழுப்புகிறேன் என்று கிளம்புவது விஷப் பரீட்சை. சொந்த மனை என்றாலும் பட்டா யார் பெயரில், பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா, இறந்துபோன பெரியப்பாவின் பெண்மக்கள் பங்கு எங்கே என்றெல்லாம் கேட்க வேண்டும். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது, ஒரு அத்தையின் கையெழுத்து இல்லாமல் மராமத்துக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு.

இடித்துவிட்டுக் காம்ப்ளக்ஸ்

இதற்கு இருக்கிற நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழைய சுவர் என்றாலே பெற்றோருக்கும் அதிகாரிகளுக்கும் பயம். பயப்பட வேண்டியதுதான். தலைக்கு மேல் தொங்குகிற கூரையை மரபு என்று சொல்லி, கீழே வாடகைக்கு ஆள் வைப்பது குற்றம். புதுக் கட்டடத்துக்கு வங்கி கடன் தரும், பழையதற்கு முகம் சுளிக்கும். பங்கு பிரிப்பதும் சுலபம்: மாடிக்கு ஒருவர்.

ஆனால் கணக்கு போடும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பழைய கட்டடம் தெருவை ஒட்டி, பக்கத்து வீட்டோடு சுவருக்குச் சுவர் சேர்ந்து நிற்கிறது. அந்தச் சலுகை அது நிற்கும்வரைதான். இடித்துப் புது அனுமதி கேட்டால் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடைவெளி, வண்டி நிறுத்துமிடம், படிக்கட்டு அகலம், தீயணைப்பு வசதி. குறுகி நீண்ட டவுன் மனையில் இவ்வளவையும் கழித்தால், தரைத்தளக் கடையின் அளவே சுருங்கும். ரத வீதியில் காசு என்பது தரைத்தளம்தான். மேல் மாடிகளுக்கு நல்ல வாடகை வரும் என்று நம்புகிறவர்கள், டவுனில் இப்போது இருக்கிற காம்ப்ளக்ஸ்களின் இரண்டாம் மாடி ஜன்னல்களில் தொங்கும் 'டு லெட்' போர்டுகளை ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துவிட்டு வரலாம். வண்டியை நிறுத்தவே இடமில்லாத வீதியில் யார் மாடி ஏறி வருவார்கள்?

உயரத்துக்கும் உச்சவரம்பு இருக்கலாம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு பல கனவுகளைத் தரையிறக்கியிருக்கிறது. உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன வரம்பு என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஆர்க்கிடெக்டைத் தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்புறம் பொதுச்சுவர். உங்கள் உத்தரமும் பக்கத்து வீட்டு உத்தரமும் ஒரே சுவரில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். ஜேசிபியை உள்ளே விட்டால் அவர் பட்டாசலில் விரிசல் விழும். வழக்கு முடிவதற்குள் இளையவனுக்கே பேரன் பிறந்துவிடுவான்.

முகப்பு மட்டும்

கேட்பதற்கு இதைவிட நல்ல சமரசம் இல்லை. தெருவுக்கு அழகு போகாது, உள்ளே லிஃப்ட், ஏசி எல்லாம் வரும். எனக்கு இந்த யோசனை பிடிக்காது. பிடிக்காததற்கு ரசனை காரணமில்லை, முட்டுதான் காரணம்.

முன்சுவர் தானாக நிற்கவில்லை. பின்னால் ஓடுகிற குறுக்குச் சுவர்களும் மச்சு உத்தரங்களும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால், ஒன்றரை இரண்டு அடிப் பருமனில் இரண்டு மாடி உயரத்துக்குச் செங்கல் சுவர் அநாதையாக நிற்கும். வேலை முடிகிறவரைக்கும் அதற்கு இரும்பு முட்டு வேண்டும். முட்டைத் தெருப்பக்கம்தான் ஊன்ற வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் பள்ளம் தோண்டியிருப்பீர்கள். தேர் ஓடுகிற வீதியில், ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற இடத்தில், ஒரு வருஷத்துக்கு முட்டு ஊன்ற யார் விடுவார்கள்? முட்டு இல்லாமல் செய்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு மழைநாளில் முகப்பும் சரியும், "சரி, அதையும் சேத்துக் கட்டிருவோம்" என்று முடியும்.

அப்படி மறுபடி கட்டுவதும் உலகத்தில் இல்லாததல்ல. பாண்டிச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பழைய நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் மொத்தமாக விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அதற்குப் பின்னால் உலக வங்கிப் பணமும் அரசும் இருந்தது. தனிக் குடும்பத்தால் முடிகிற காரியமில்லை. இங்கே பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டையை 1974-இல் நினைவுச் சின்னமாகப் புதிதாக எழுப்பினார்கள். கும்பினிக்காரன் தரைமட்டமாக்கிய இடத்தில் அப்படி ஒன்று வேண்டியிருந்தது, சரி. நின்றுகொண்டிருக்கிற கட்டடத்தை நாமே இடித்துவிட்டு அதே மாதிரி சிமெண்டில் வார்ப்பதற்கு அது முன்னுதாரணம் ஆகாது.

ஒரு விதிவிலக்கு. மனை ஆழமாக இருந்து, முன்கட்டை முழுசாக, அதாவது முகப்போடு அதன் பின்னால் உள்ள முதல் கூரையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டாம் கட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டினால் அது வேறு விஷயம். அதற்குக் கீழே வருகிறேன்.

அரசிடம் கொடுத்துவிடலாம்

தேசத் தலைவர் பிறந்த வீடு, கவிஞர் வாழ்ந்த வீடு என்றால் இந்தக் கதவு திறக்கும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு அப்படித்தான் நினைவில்லம் ஆனது. செய்தித் துறை பராமரிக்கிறது. ஆனால் அங்கேயும் 2025-இல் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாரதி வீட்டுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் தாத்தாவின் மண்டிக்கு எவ்வளவு கவனம் கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். 1966-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களுக்கு மட்டும். 2012-இல் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. இவற்றைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பட்டியலில் இல்லாத, பெயர் பெற்ற யாரும் பிறக்காத, சாதாரண வியாபாரியின் கடைவீட்டுக்கு இன்றைக்கு வெளியிலிருந்து உதவி வரும் என்று கணக்குப் போட வேண்டாம் என்பதற்காகத்தான். டவுனின் முகம் அந்தச் சாதாரணக் கடைவீடுகளால் ஆனது என்பதுதான் சங்கடம்.

பூட்டிப் போடுவது

செலவில்லாத வழி மாதிரி தெரியும். அரச மரச் செடி கைப்பிடிச் சுவரில் முளைக்கும். யாராவது ஒடித்துப் போடுவார்கள். வேர் உள்ளேயே பருத்து மறுபடி வரும். தூம்பில் சருகு அடையும். கரையான் ஏறும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கொட்டிய மழை மாதிரி ஒன்று வந்தால், ஆள் இருக்கிற வீட்டில் அன்றைக்கே ஒருவன் தட்டட்டியில் ஏறித் தூம்பைக் குத்தி விடுவான். பூட்டிய வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். டவுனில் நான் பார்த்தவரையில் இடிபட்டுப் போன பழைய கட்டடங்களைவிட இப்படிப் பூட்டியே போனவைதான் அதிகம். கடைசியில் மாநகராட்சி நோட்டீஸ் வந்து, முடிவெடுக்கிற உரிமையும் கைவிட்டுப் போகும்.

பழுது பார்த்துப் புழங்குவது

நெல்லைச் சீமையில் எது நிலைத்தது என்று பார்த்தால், பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருந்தவை. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் தாமிரபரணியின் குறுக்கே கட்டிய 11 வளைவுப் பாலம் 1843-இலிருந்து வண்டிகளைச் சுமக்கிறது. இடம் போதாதபோது அகலப்படுத்தினார்களே தவிர, பெயர்க்கவில்லை. பாளையங்கோட்டையில் கோட்டை போய்விட்டது; அதன் வாசல் மேடு ஒன்று போலீஸ் நிலையம் ஆனதால் 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்று பிழைத்தது. கிறிஸ்தவரான பிராமணப் பெண் குளோரிந்தா 1785-இல் கட்டிய சிறிய தேவாலயம், ஜனங்கள் வாயில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்', இன்னும் கோயில்தான். பாரதி படித்த டவுன் இந்துக் கல்லூரிப் பள்ளி இன்றும் பள்ளிதான். கீழரத வீதியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு நிற்கிற வரிசையைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடையின் மூலதனத்தில் பாதி அந்தப் பழைய, இருட்டான இடமேதான். அதைக் கண்ணாடி ஷோரூம் ஆக்கினால் என்ன மிஞ்சும்?

வேலை என்று வரும்போது, முதலில் செய்ய வேண்டியது மேலே. தூம்பு, தட்டோடு இடுக்குகள், கைப்பிடிச் சுவர். தண்ணீர் இறங்குவது நின்ற பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். உளுத்த உத்தர முனைகளை முட்டுக் கொடுத்து வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடலாம். அல்லது இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் அடிக்கலாம். கூரையை முழுசாக எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார், அவருக்கு அது பழக்கம். சுண்ணாம்புச் சுவரின் மேல் அந்தப் பாரம் உட்கார, சுவரின் தலை நெடுக பெட் கான்கிரீட், அதாவது பாரத்தைப் பரப்புகிற கான்கிரீட் பட்டை, ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் மூலைகளில் விரிசல் கிளம்பும்.

சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சும் செங்கல் முகமும் சேர்ந்து உதிரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "பழைய செங்கல், உதுருது" என்று இடிக்கச் சொல்கிறார்கள். செங்கல் மேல் பழியில்லை, பூசியவன் மேல்தான். சுண்ணாம்பை நீற்றி, ஊற வைத்து, அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. கோயில் திருப்பணி செய்கிற குழுக்களிடம் விசாரித்தால் ஆள் கிடைக்கும். காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கூலி அதிகம், வேகம் கம்மி. பொருள் செலவு பயமுறுத்தாது.

கட்டடத்தைச் சம்பாதிக்க வைப்பது எப்படி? தரைத்தளக் கடைகள் அப்படியே இருக்கட்டும். பழைய கடைக்காரர்களை விரட்டுவதைவிட, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) புது ஒப்பந்தம் எழுதிப் பதிந்து, வாடகையைப் படிப்படியாக ஏற்றுவது நடக்கக்கூடியது. தாத்தா காலத்து வாடகைக்கு இருக்கிறவருக்கும் கூரை ஒழுகுவது பிடிக்காது. கடையை எத்தனை மாதம் மூட வேண்டும், திரும்ப எந்தக் கடை என்பதை எழுத்தில் கொடுத்தால் பலர் சம்மதிப்பார்கள். உள்வீட்டில் என்ன என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கனவு. ஹெரிடேஜ் ஹோட்டல் என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அது நடக்கிறது; அங்கே வீடே பார்க்க வருகிற கூட்டம் உண்டு. டவுனுக்கு வருகிறவர் சாமி கும்பிட்டு, அல்வா வாங்கி, அடுத்த பஸ்ஸில் குற்றாலமோ திருச்செந்தூரோ போகிறவர். ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர், தையல் கூடம், கிடங்கு என்று சாதாரணப் புழக்கம்தான் ஓடும். கழிவறையையும் தண்ணீர்த் தொட்டியையும் மச்சில் வைக்காமல் புறவாசல் பக்கம் தனியாகக் கட்டிவிடுங்கள். மரக் கூரைக்கு வடகிழக்குப் பருவமழையைவிட ஒழுகுகிற குழாய்தான் பெரிய எதிரி, அது வருஷம் முழுக்கப் பெய்யும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேரன்றைக்கு முன் பால்கனியில் சொந்தக்காரர்களும் கடைக்காரரின் சொந்தக்காரர்களும் ஐம்பது பேர் ஏறி நிற்பார்கள். மச்சு நெல் மூட்டையைத் தாங்கியது உண்மை. அது சுவரோரம் அடுக்கிய மூட்டை, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியில் குதிக்கிற கூட்டம் இல்லை. பொறியாளர் பார்த்து எழுதித் தருகிறவரை பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இரண்டையும் சேர்த்து

மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி முடிவெடுத்தது. கொத்தனார் திருப்புளியோடு ஏறிப் பார்த்ததில் முன்கட்டு தேறியது, பின்கட்டு தேறவில்லை. இரண்டாம் கட்டின் கூரை பல வருஷமாக ஒழுகி, உத்தரங்கள் பாதிக்கு மேல் போயிருந்தன. எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்து படம் எடுத்து, பின்கட்டை ஆட்களை வைத்துக் கையாலேயே பிரித்தார்கள். ஜேசிபியை உள்ளே விடவில்லை. பொதுச்சுவரைத் தொடவில்லை. பிரித்ததில் தேறிய தேக்கு, கதவு நிலை, தட்டோடு எல்லாம் முன்கட்டு மராமத்துக்கு வந்தன. மிச்சத்தை விற்றதில் கூலியின் ஒரு பகுதி கிடைத்தது. பழைய தேக்கு வியாபாரிகள் முதல் நாளே மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். "நிலைக்கதவ மட்டும் குடுங்க அண்ணாச்சி, சொன்ன வெல" என்று நின்றார்கள். கொடுக்கவில்லை.

பின்பக்கம் ஒரு மாடி மட்டும் புதிதாக, தனித் தூண்களில், பழைய சுவர் மேல் பாரம் ஏறாமல் எழும்புகிறது. அதற்கு மட்டும் தனி அனுமதி, தனிக் கடன். ஊரில் இருக்க விரும்பிய சித்தப்பாவுக்கு அது வீடு. முன்கட்டு நாலு பங்காளிகளுக்கும் பொது. வாடகையில் ஒரு பங்கு மராமத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் விழ வேண்டும் என்று பதிவு செய்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இந்தக் கடைசி ஷரத்துதான். வெளியூரில் இருக்கிறவர்களிடம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் போன் போட்டுத் தூம்புக்குக் காசு கேட்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. மனை ஆழம் வேண்டும், பின்பக்கம் ஒரு சந்து வேண்டும், ஊரிலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மூன்றாவது இல்லாத இடத்தில் முதல் இரண்டும் இருந்து பிரயோஜனமில்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, கட்டடத்தை விரும்பி வாங்கி அங்கேயே வியாபாரம் செய்யப் போகிற ஒருவருக்கு விற்றுவிடச் சொல்வேன். விலை கொஞ்சம் குறைந்தாலும், வாங்குகிறவர் கடைக்காரராக இருந்தால் கூரையைப் பார்த்துக்கொள்வார்.

எந்த வழி என்றாலும் காலத்தைக் கவனியுங்கள். தட்டட்டி வேலை மாசியில் தொடங்கினால்தான் சுண்ணாம்பு காய்ந்து இறுகி, ஐப்பசிக்குள் ஒரு கோடை முழுக்க வெயில் குடித்திருக்கும். அதற்கு முன்னால் கார்த்திகையில் ஒரு மழைநாள் பார்த்து மச்சில் ஏறி, ஒழுகுகிற இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். வெயில் நாளில் எஸ்டிமேட் போட வருகிற கான்ட்ராக்டருக்கு அது எதுவும் தெரியாது.